சம மாத்திரைப் போராட்டம்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி ஆடும், பெஞ்சில் உட்காருங்கள். உங்களை நான் சார் என்று கூப்பிடமாட்டேன், வருத்தப்படக் கூடாது. முப்பத்தெட்டு வருஷம் மில்லில் இருந்தேன், ஒரு மேனேஜரைக்கூட சார் என்றதில்லை. மூன்று முறை சஸ்பெண்ட் ஆனதில் ஒரு முறை அதற்காகவே ஆனது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உங்களுக்குச் சங்கடம். ஆகவே தம்பி.

என் பெயர் ஆறுச்சாமி. இந்த லைன் வீடுகளில் தோழர் ஆறுச்சாமி வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். இம்மாக்குலேட் டாக்டர் நடத்திய மருந்துச் சோதனை எங்கள் காலனியில் கெட்டுப்போனது. கெடுத்தது யார் என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். டாக்டர் மேல் தவறு என்று நீங்கள் எழுதினால் அவருக்கு இனி எந்தச் சோதனையும் தரமாட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வாடகை வீட்டில் அவர் வைத்திருக்கிற கிளினிக்கையும் மூடிவிடுவார்கள். சரிதானே? தலையை ஆட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள். சரி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே தவறு என்று எதுவும் நடக்கவில்லை. நடந்தது போராட்டம். நடத்தியவன் நான். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? எல்லாம் என் தவறு என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, உங்கள் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். இதற்கு என்ன பெயர்? அபகரிப்பு. மில்லில் எங்கள் உழைப்பைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இந்த அம்மா போராட்டத்தையே எடுத்துக்கொண்டுவிட்டார். நான் கொடுப்பது வாக்குமூலம் இல்லை தம்பி, மறுப்பு. பேனாவில் மை இருக்கிறதா? எழுதுங்கள்.

போன வருஷம் தை மாதம் மாசிலாமணிக்கு டிபி வந்தது. நாலாம் லைனில் கடைசி வீடு. நூற்பில் இருந்தவன், நல்ல தோழன், சந்தா கட்டுவதில் மட்டும் சோம்பேறி. அவனை அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஆரம்பித்தார்கள். பிழைத்துக்கொண்டான். அவனோடு ஒட்டி உறவாடின எங்களையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் இந்த டாக்டர். தூத்துக்குடிப் பக்கம். ஐந்தடிகூட இருக்கமாட்டார். தோளில் ஒரு பை, பின்சீட்டில் ஐஸ் பெட்டி. முதல் நாளே என்னை அண்ணாச்சி என்றார். நான் மளிகைக்கடை வைத்திருக்கவில்லை என்று சொன்னேன். சிரித்துவிட்டு, “செரி அண்ணாச்சி” என்றார். அன்றே தெரிந்தது, பலமான எதிரி.

கையில் ஊசி போட்டு, இரத்தம் எடுத்து, நெஞ்சைப் படம் பிடித்து, கடைசியில் இருபத்து நான்கு பேருக்கு உடம்புக்குள் கிருமி இருக்கிறது என்றார். நோய் இல்லையாம். கிருமி தூங்குகிறதாம். எழுந்தால்தான் நோய். தூங்கும்போதே அதைக் கொன்றுவிட வேண்டுமாம். நான் கேட்டேன்:

“அம்மிணி, தூங்கறவனை எழுப்பறதுதான் எங்க தொழில். நீங்க தூங்கறவனை அப்பிடியே முடிச்சுப் போடோணும்ங்கறீங்க. இது எந்தக் கட்சிங்?”

“கிருமிக்கு எதிர்க்கட்சி அண்ணாச்சி. வாயத் தொறங்க.”

நாக்கைப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

பிறகு மாசிலாமணி வீட்டு வாசலில் எங்களை உட்காரவைத்து விளக்கினார். வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரை எல்லோருக்கும் உண்டு, அதில் சோதனை கிடையாது. அதோடு சேர்த்துப் புது மாத்திரை ஒன்று வந்திருக்கிறது. அது உதவுமா, உடம்புக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டும். அதனால் பாதிப் பேருக்குப் புது மாத்திரை. மீதிப் பாதிக்கு, பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும், உள்ளே மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. எங்கள் காலனி மட்டுமில்லை, ஆறு ஊரில் தொள்ளாயிரம் பேர்.

“யாருக்கு எதுன்னு யாருங்க முடிவு பண்றது?” என்றேன்.

“கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.”

“உங்குளுக்குத் தெரியுமல்ல?”

“எனக்கே தெரியாது அண்ணாச்சி. தெரியவும் கூடாது.”

இங்கேதான் தம்பி நான் எச்சரிக்கை ஆனேன். போனஸ் ஏன் குறைந்தது என்று கேட்டால் மேனேஜர் என்ன சொல்வான்? எனக்கே தெரியாது. லே-ஆஃப் எப்போது முடியும்? எனக்கே தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் அந்த ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். நிர்வாகத்தில் உள்ளவர் எனக்கே தெரியாது என்றால் அவருக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தம். இது எங்கள் சங்கத்தின் அரிச்சுவடி.

ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போடவில்லை, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவம் பன்னிரண்டு பக்கம். மூன்று முறை படித்தேன். பதினேழு இடத்தில் எழுத்துப்பிழை, சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். அந்த அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆறு வருசமா இந்த வேலை பாக்கேன், கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்ச மொதல் ஆளு நீங்கதான்” என்றார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. தேதி பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால்.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மாத்திரையைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளக் கூடாது. கறுப்பு எழுத்தில், கொட்டை எழுத்தில். ஆக, அந்த அம்மா சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான் அந்த வரியின் கீழே கோடு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். நீங்களே சொல்லுங்கள். பகிர்ந்துகொள்ளக் கூடாது என்று உலகத்தில் யார் எழுதுவான்?

சரி, மாத்திரை ஆரம்பித்தது. சனிக்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு சின்ன டப்பா, மேலே நம் பெயரும் எண்ணும், உள்ளே சோதனை மாத்திரை ஏழு. செங்கல் நிறம். காலி டப்பாவைக் கொண்டு போனால்தான் புது டப்பா.

மூன்றாம் நாள் காலையில் எங்கள் லைனுக்குப் பின்னால் இருக்கிற பொதுக் கழிப்பறையில் ஒரே கூச்சல். ஜாபர் பொன்னுச்சாமி. ஜாபர் என்றால் தெரியுமல்லவா, மில்லில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவன். வாழ்நாள் முழுக்க நிர்வாகத்துக்குக் காவடி எடுத்தவன். எழுபத்தெட்டாம் வருஷ வேலைநிறுத்தத்தில் பின்கதவு வழியாக ஆள் ஏற்றியவன். அவன் வெளியே வந்து எல்லோரிடமும் சொல்கிறான்:

“செவச்செவன்னு போகுதப்பா! டாக்டரம்மா சொன்னாங்கல்ல, புது மருந்து தின்னா ஒண்ணுக்கு செவப்பாப் போகும், பயப்படாதீங்கன்னு? எனக்கு மருந்து விழுந்திருச்சு!”

உண்மைதான். அந்த அம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். அந்த வகை மருந்து சிறுநீரைச் சிவப்பாக்கும், அது ரத்தம் இல்லை, கெடுதல் இல்லை. வெறும் மாத்திரைக்கு அந்த நிறம் வராது. இதைப் பற்றி அந்த அம்மா மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறார் தம்பி. வெறும் மாத்திரையிலும் கொஞ்சம் சாயம் சேருங்கள், இல்லாவிட்டால் யாருக்கு எது என்று கக்கூசுக்குப் போனாலே தெரிந்துவிடும் என்று. பதில் வரவில்லை. உங்கள் பையில் அந்தக் கடிதங்கள் இருக்கிறதா? இல்லையா? தேடிப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

இல்லை. சரி. இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நான் உள்ளே போனேன். பார்த்தேன்.

வெள்ளை.

சிரிக்காதீர்கள் தம்பி. பதினாறு வயதில் செங்கொடி பிடித்தவன். அடி வாங்கியிருக்கிறேன், ஜெயிலுக்குப் போயிருக்கிறேன், என் கல்யாணத்துக்கே சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு போனவன். கருங்காலி பொன்னுச்சாமிக்குச் சிவப்பு, எனக்கு வெள்ளை. மறுநாளும் வெள்ளை. அதற்கு மறுநாளும் வெள்ளை. பீட்ரூட் சாப்பிட்டுப் பார்த்தேன். அது வேறு மாதிரி வருகிறது.

கணக்கெடுப்பு நடத்தினேன். ஆண்களிடம் நான், பெண்களிடம் என் வீட்டுக்காரி மயிலாத்தாள். பதினோரு சிவப்பு, பதிமூன்று வெள்ளை. பெண்கள் பக்கம் எடுத்துவிட்டு வந்து மயிலாத்தாள் சொன்னாள், “ஏனுங்க, கட்டுன நாளா ஊருக்கு உழைக்கறேன்னு சொன்னீங்க. இதுக்குத்தானுங்களா?” அவளுக்குச் சிவப்பு. அந்தத் திமிர்.

பதிமூன்று பேருக்கு மருந்து மறுக்கப்படுகிறது. அதுவும் குலுக்கல் என்ற பெயரில். ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தைத் திறந்தேன். மில் மூடி ஒன்பது வருஷம் ஆகிறது, சங்க அலுவலகத்தை நான் மூடவில்லை. கூட்டத்தில் பேசினேன். நாற்பது நிமிஷம். “தோழர்களே, ஒரே காற்று, ஒரே தூசி, ஒரே கிருமி! மாத்திரை மட்டும் எப்படி இரண்டு வகை?” கைதட்டல் அடங்கவில்லை. மில் மூடிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் தம்பி. உண்மையைச் சொன்னால், மூடுவதற்கு முன்னாலும் கொஞ்ச வருஷமாக இல்லை.

தீர்மானம் இதுதான். வாராவாரம் எல்லா டப்பாவும் ஒரு பித்தளை அண்டாவில் கொட்டப்படும். கலக்கப்படும். மறுபடி ஆளுக்கு ஏழு. இருப்பது எல்லோருக்கும், இல்லாததும் எல்லோருக்கும்.

பொன்னுச்சாமி எழுந்தான். “நா எதுக்குக் குடுக்கோணும்? எனக்கு விழுந்தது எனக்கு.”

“அண்ணைக்கும் இதையேதான் சொன்னே, இண்ணைக்கும் இதையேதான் சொல்றே.”

“நீ கலக்கறதுக்கு இதென்ன பொங்கலா ஆறுச்சாமி? டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்.”

பார்த்தீர்களா? நிர்வாகத்தைக் கேட்க வேண்டுமாம். ஆனால் அவன் மனைவிக்கு வெள்ளை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அவன் டப்பாதான் முதலில் அண்டாவில் விழுந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த எட்டு வாரம் இந்தக் காலனி எப்படி இருந்தது தெரியுமா? ஒருவர்கூட ஒரு நாளும் மாத்திரை தவறவிடவில்லை. தவறினால் சங்கத்துக்குத் துரோகம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இருபத்து நான்கு பேரும் கிளினிக் வாசலில் வரிசையில். காலி டப்பா கையில். டாக்டர் பூரித்துப்போனார். “ஆறு ஊரிலயும் இப்பிடி ஒழுங்கப் பாத்ததில்ல அண்ணாச்சி. மத்த ஊர்ல பாதிப் பேரத் தேடிப் பிடிக்கவே எனக்கு நாள் போயிருது” என்றார். ஊர் ஊராக அவரே போவார். ஸ்கூட்டர், பிறகு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. மத்தியானச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் போன், போனில் எவனோ ஒருவன் பதினாலாம் படிவத்தில் ஏன் டிக் அடிக்கவில்லை என்று இங்கிலீஷில் திட்டிக்கொண்டிருப்பான். நீங்கள் இல்லையே? சரி, சரி, கேட்டேன்.

எங்கள் காலனியை எல்லா ஊருக்கும் முன்மாதிரி என்று எழுதி அனுப்பினார். அதைத் தமிழில் எனக்குப் படித்தும் காட்டினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதிரியே பாராட்டும்போது அது தனிச் சுகம்.

ஒன்பதாம் வாரம் மாசிலாமணி மனைவி சுலோச்சனாவுக்குக் கண் மஞ்சளித்தது.

மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் இருந்தவள். இரும்பு மாதிரி உடம்பு. சோறு இறங்கவில்லை, எழுந்து நிற்க முடியவில்லை. டாக்டர் ஓடி வந்தார். அன்றே எல்லா மாத்திரையையும் நிறுத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஈரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். இந்த மாதிரி ஆபத்து வந்தால் திறப்பதற்கென்று ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் உறை ஒட்டி வைத்திருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியும். மேலிடத்தைக் கேட்டுக்கொண்டு சுலோச்சனாவின் உறையைத் திறந்தார். வெறும் மாத்திரை என்று இருந்தது.

மாசிலாமணியிடம் சொன்னார், நானும் பக்கத்தில்தான் நின்றேன். “உங்க வீட்டம்மா புது மருந்து சாப்பிடவே இல்ல. அதனால இது புது மருந்தால வந்தது இல்ல. வேற காரணம் தேடுதோம்.” சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் நிம்மதி. ஆறு ஊரில் மற்றவர்களுக்கும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை அல்லவா?

எனக்குத் தெரியும், அவள் சாப்பிட்டது அண்டா மாத்திரை.

உடனே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அமைப்பு என்று ஒன்று இருக்கிறது தம்பி. தனிமனிதனாக முடிவெடுக்க முடியாது. செயற்குழுவைக் கூட்டினேன். நாற்பது வருஷமாக எங்களுக்கு ஒரு விதி: உள்ளே நடந்ததை நிர்வாகத்திடம் சொல்லாதே. போலீஸ் விரலை மடக்கியபோதுகூட ஒரு பெயர் சொல்லாதவன் நான். விவாதம் நடந்தது. முதல் நாள் முடிவு எட்டப்படவில்லை. இரண்டாம் நாள் வாசகத்தில் கருத்து வேறுபாடு. ‘தெரிவிப்பது’ என்று போடுவதா, ‘கவனத்துக்குக் கொண்டுவருவது’ என்று போடுவதா.

அப்போது மயிலாத்தாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உள்ளே வந்தாள். செயற்குழு உறுப்பினர் இல்லை அவள்.

“அவ கண்ணு மஞ்சக் கெழங்காட்டக் கெடக்குது. நீங்க உக்காந்து வாசகம் எழுதறீங்களா?”

“மயிலா, கூட்டம் நடக்குது.”

“நடக்கட்டும். நீங்களும் நடங்க.”

சட்டைக் காலரைப் பிடித்தாள் என்று பொன்னுச்சாமி ஊரெல்லாம் சொல்கிறான். பொய். தோளைத்தான் பிடித்தாள்.

கிளினிக்கில் டாக்டர் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். புது மருந்துக்கும் மஞ்சள் காமாலைக்கும் சம்பந்தம் இல்லை என்கிற அறிக்கை. நான் நின்றபடியே சொன்னேன். முன்னுரை கொஞ்சம் நீண்டுவிட்டது. வர்க்கச் சூழ்நிலையிலிருந்து ஆரம்பித்தேன். மயிலாத்தாள் குறுக்கே புகுந்து ஒரே மூச்சில் முடித்தாள்.

“அல்லா மாத்திரையும் அண்டால கொட்டிக் கலந்துபோட்டமுங்க. எட்டு வாரமா. அல்லாரும் அல்லாத்தையும் தின்னமுங்க.”

டாக்டர் பேனாவை வைத்தார். என்னைப் பார்த்தார். மயிலாத்தாளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நன்றாக, கண்ணில் தண்ணீர் வருகிறவரை. அது சிரித்து வந்த தண்ணீர்தான் என்று முதலில் நினைத்தேன்.

“மூணு வருச வேலை அண்ணாச்சி” என்றார். “அதான், ஒரு டப்பாகூடத் தப்பாம வந்துச்சோ.”

“ஒழுங்குங்க. எங்க சங்கத்துல...”

“வாய மூடுங்க அண்ணாச்சி.”

என்னிடம் அப்படிப் பேசிய முதல் நிர்வாகம் அவர்தான். மூடினேன்.

“இப்ப சொல்லுங்க. சுலோச்சனாக்காவுக்கு எந்த வாரம் எத்தன நல்ல மாத்திரை போச்சு?”

“கலந்தாச்சுங்க. எது யாருக்குப் போச்சுன்னு கடவுளுக்கே தெரியாது. அவரு இல்லைங்கறது வேற விஷயம்.”

“எழுதி வைக்கலையா?”

“பேர் எழுதி வெச்சா போலீஸ்ல மாட்டிக்குவமுங்க. எங்க பழக்கம்...”

அவர் எழுந்து நடந்தார். இரண்டடி அறை, இரண்டடிதான் நடக்க முடியும். திடீரென்று நின்றார். “நெறம்!” என்றார். மயிலாத்தாளைப் பிடித்து உட்காரவைத்தார். சுலோச்சனா இவளுக்குத் தோழி அல்லவா, மயிலாத்தாளிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். கண் மஞ்சளாவதற்கு முந்தின வாரம் ஏழு நாளும் சிவப்பு. அவளுடைய பங்குக்கு ஏழுமே மருந்து விழுந்திருக்கிறது. எங்கள் அண்டா அப்படிச் செய்துவிட்டது.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த அறிக்கையை நாலாகக் கிழித்தார். போனை எடுத்தார். இங்கிலீஷில் ஒரு மணி நேரம். எனக்குப் புரிந்த ஒரே சொல் ‘ஸ்டாப்’. அதைப் பத்து முறை சொன்னார். போன் எடுத்தவன் மாட்டேன் என்கிறான் போலிருக்கிறது. பதினொன்றாம் முறை தமிழில் கத்தினார். “நிறுத்துங்கலே!” என்று. ஆறு ஊரிலும் அன்று மாலையே நிறுத்தினார்கள். எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வேறு இரண்டு ஊரில் இரண்டு பேருக்கு ஈரல் கெட ஆரம்பித்திருந்தது. கண் மஞ்சளாகாததால் யாருக்கும் தெரியவில்லை. நேரத்தோடு பிடித்துவிட்டார்கள். மூன்று பேரும் பிழைத்தார்கள். சுலோச்சனா இப்போது தண்ணீர்க் குழாயில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். போகும்போது பாருங்கள்.

ஆக அந்த மருந்தின் கெடுதலைக் கண்டுபிடித்தது யார்? எங்கள் சங்கம். இதை நான் டாக்டரிடமே சொன்னேன். மயிலாத்தாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு காலனிக்கு வந்தார். எல்லோரையும் கூப்பிட்டு, மேலிடத்துக்கு அனுப்பின கடிதத்தைத் தமிழில் வாசித்தார். எங்களுக்குத் தெரியாமல் எங்களைப் பற்றி எதுவும் போகக் கூடாதாம். அதில் இருந்தது இது: மாத்திரையைப் பகிராதீர்கள் என்று நான் எழுதிக் கொடுத்தேன். ஏன் பகிரக் கூடாது என்று இவர்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. புரியாமல் செய்துவிட்டார்கள். தவறு என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை.

நான் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினேன். “புரியாம செஞ்சோம்ங்கறதை நீக்கோணும். புரிஞ்சுதான் செஞ்சோம். தீர்மானம் இருக்குது.”

“உக்காருங்க அண்ணாச்சி.”

“இது எங்க போராட்டம். உங்க தப்புன்னு நீங்க எப்பிடி எழுதலாம்?”

“என் பேர்ல நடந்த சோதனை. தப்பும் என் பேர்லதான்.”

“அப்ப எம்பேரு?”

“உங்க பேரு எங்கயும் இல்ல அண்ணாச்சி. எழுதமாட்டேன்.”

கூட்டத்தில் பொன்னுச்சாமி சிரித்தான் தம்பி. அவன் பெயரும் இல்லை, ஆனால் அவன் சிரித்தான்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் உங்களுக்காக இரண்டு நாளாகக் காத்திருக்கிறேன் என்று? எழுதுங்கள். ஒப்புதல் படிவம் ஏழாம் பக்கம், தடை தெளிவாக இருந்தது. படித்தேன். கோடு போட்டேன். மீறினேன். சாயம் சேர்க்கச் சொல்லி அவர் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாதது மேலிடம். கலக்கத் தீர்மானம் கொண்டுவந்தது ஆறுச்சாமி. வழிமொழிந்தது யார் என்று கேட்கிறீர்களா? அது சொல்லமாட்டேன். நீங்கள் விரலை மடக்கினாலும் சொல்லமாட்டேன். ஆறுச்சாமி என்று மட்டும் போடுங்கள்.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அன்றைக்குக் கிளினிக்கில் போன் பேசி முடித்ததும் டாக்டர் என்னைத் தனியே கேட்டார். “செவப்பு எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. கடைசி வரைக்கும் வெள்ளையாவே இருந்தது யாரு? ஒரு ஆளு சொல்லுங்க போதும்.” எதற்கு என்றேன். “மருந்தால ஈரல் கெட்டுச்சுன்னு நான் சொன்னா, மருந்து சாப்பிடாம இருந்தவுகளுக்குக் கெடலையான்னு கேப்பாக. அவுகளக் காட்டித்தான நான் பேசணும்? இல்லைன்னா இது உங்க ஊரு தண்ணியால வந்ததுன்னு சொல்லிட்டுப் போயிருவாக.”

நான் யோசித்தேன். பதிமூன்று பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். என்னையும் சேர்த்து. இரண்டாம் வாரத்திலேயே எனக்குச் சிவப்பு வந்துவிட்டது, அன்று காலனிக்கே வடை வாங்கிக் கொடுத்தேன்.

“ஒருத்தருங்கூட இல்லீங்” என்றேன்.

“எல்லாரையும் செவப்பாக்கிட்டீய” என்றார். திட்டவில்லை. சும்மா சொன்னார்.

மற்ற ஊர்களில் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் இருந்ததால்தான் அவர் பேச்சு நின்றது. அண்டாவைப் பற்றி நான் உடனே சொல்லியிருந்தால் சுலோச்சனா கண் மஞ்சளான அன்றைக்கே தெரிந்திருக்கும். இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். அந்த இரண்டு நாளும் மற்ற இரண்டு பேரும் மருந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

லேபர் கோர்ட்டில் பதினாலு வழக்கு நடத்தியிருக்கிறேன் தம்பி. பதினாலிலும் மேனேஜ்மென்ட் ஒரே வேலைதான் செய்தது. நம் சாட்சியைக் கூப்பிட்டு, நல்ல வார்த்தை சொல்லி, அவனுக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்து, கலைத்துவிடும். அதை எதிர்த்துக் கத்தித்தான் என் தொண்டை இப்படிக் கரகரத்துப்போனது. அந்த வெள்ளைக்காரப் பதிமூன்று பேரும் ஏமாந்தவர்கள் என்று நினைத்தேன். அவர்கள் சாட்சிகள். ஒருவன் பாக்கியில்லாமல் கலைத்தது நான். அதுவும் கைதட்டலோடு.

அந்த அம்மா விளக்கவில்லை என்று கடிதத்தில் இருக்கிறதே, அது பொய். மாத்திரை கொடுக்கும் முன்பே, மாசிலாமணி வாசலில், ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று இரண்டு முறை சொன்னார். நான் அப்போது கோரிக்கைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. அவ்வளவுதான், விழுந்தது.

எழுதிவிட்டீர்களா? படியுங்கள் பார்ப்போம். ம். ம். ‘தெரியாமல்’ என்பதை அடியுங்கள். ‘தவறு’ என்று போட்டிருக்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது? டாக்டர் பெயருக்குப் பக்கத்திலா? அங்கிருந்து எடுத்து என் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள். ஆமாம், தவறு என்றே போடுங்கள். முன்னால் போராட்டம் என்றேன், ஞாபகம் இருக்கிறது. போடுங்கள் தம்பி.

பேனாவைக் கொடுங்கள். ஆறுச்சாமி. தேதி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடி உள்ளே இருக்கிறது.

போகிற வழியில் கிளினிக்குக்குப் போவீர்கள் அல்லவா? அந்த அம்மா கேட்பார், அண்ணாச்சி என்ன சொன்னார் என்று. இந்தக் கடைசிப் பக்கத்தை அவருக்குக் காட்ட வேண்டாம். ஆறுச்சாமி உங்கள் கடிதத்தை வன்மையாகக் கண்டிக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள்.